வட்டத் தட்டில் ஒரு சிவப்புக் கீறல்

முப்பத்தொரு வருஷம்
அடுத்தவர் வீட்டு நிலவறைகளில் குனிந்து
எண்களைக் குறித்தேன்.
லுவார் நதியின் தென்கரையில் பதினேழு ஊர்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நாய்களின் பெயர்கள்.
எண் தப்பினால் அலுவலகம் திட்டும்,
பெயர் தப்பினால் கெண்டைக்கால் போகும்.

மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு.
அதன் விளிம்பில் சிவப்பாய் ஒரு கீறல்.
எழுபத்திரண்டில்
அந்தக் கீறல் ஒருமுறை சுற்றி வருவதற்குள்
பெர்நாந்த் அம்மாளின் மூட்டுவலியை
ஆதியிலிருந்து கேட்டுவிடலாம்.
அவளுக்கு ஒரு பல்பு, ஒரு ரேடியோ,
அடுப்பில் கரி.

பிறகு எண்ணெய் விலை ஏறிய குளிர்காலம்.
டை கட்டிய ஒருவர் தொலைக்காட்சியில் வந்து
நாட்டின் மடியை உதறிக் காட்டினார்.
எண்ணெய் இல்லை. எரிவாயு போதாது.
நிலக்கரி தோண்டத் தோண்டத் தீர்கிறது.
அனத்தோலின் லீக்ஸ் வயலில்
அடுத்த வசந்தம் முளைத்தவை
கயிறு கட்டிய மரமுளைகள் மட்டும்.

எட்டு வருஷம் சிமென்ட் லாரிகள்.
மாதா கோயில் மணிக்கூண்டு
குட்டையாகிப் போகும்படி இரண்டு கோபுரங்கள்,
இடை சிறுத்து, வாய் அகன்று.
எழுவது புகையல்ல, வெறும் நீராவி
என்றது துண்டுப்பிரசுரம்.
ரொட்டிக்கடை வேறு சொன்னது.
ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
எஃகில் வார்த்து
கிரேன் வைத்து இறக்கிய உலைமூடிக்கும்
அது முடியவில்லை.

தட்டு வேகமெடுத்தது.
நினைத்தால் அணைக்க, நினைத்தால் ஏற்ற
அது விறகடுப்பல்ல;
ஆகவே இரவு மின்சாரம் மலிவு.
பதினொரு மணிக்கு
ஊரின் வெந்நீர்க் கொதிகலன்கள் எல்லாம்
டக்கென்று ஒருசேர விழிக்கும்,
ஒரே கட்டிலில் ஊரே புரண்டு படுப்பதுபோல.
பெர்நாந்த் அம்மாள் கரியடுப்பை விற்றாள்.
வாய் திறக்குமுன் கீறல் மூன்று சுற்று ஓடிவிட்டது.
அவள் மூட்டுவலியைப் பற்றி
அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

அலுவலகச் சுவரில் ஆண்டுதோறும் ஒட்டுவார்கள்:
நாட்டில் எரியும் பத்து விளக்கில்
உலையால் எரிபவை எத்தனை.
முதலில் ஒன்றுக்கும் குறைவு. பிறகு இரண்டரை.
ஆறரை வந்த வருஷம் ஷாம்பெயின் உடைத்தார்கள்.
தொண்ணூறில் ஏழரை.

ஏழரைதான்,
லொரேன் சுரங்கத்திலிருந்த என் தம்பி எமிலியனுக்கு.
கிறிஸ்துமஸுக்கு வந்தவன்
என் ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்து
"சூடாத்தான் இருக்கு" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அவன் நெருப்பின் மிச்சம்
நகக்கண்ணில் கறுப்பாய் இருந்தது.
எங்கள் நெருப்பின் மிச்சத்தை
யாரும் கையை நீட்டிக் காட்டியதில்லை.
அவன் பிழைப்புக்கு உலை வைத்த உலை
என் தோட்டத்துக்குப் பின்னால்தான் கொதித்தது.
என் சோறும் அதில்தான் வெந்தது.
எந்த நெருப்பில் பிறந்தாய் என்று
கம்பியைக் கேட்டுப் பயனில்லை.
மின்சாரத்துக்கு ஜாதகம் கிடையாது.

நான் ஓய்வுபெற்ற கோடையில்
நதி வற்றி வெதுவெதுத்தது.
உலையைத் தணித்தார்கள்.
அவ்வளவு பெரியது
ஒரு நதியின் காய்ச்சலுக்குப் பயந்ததைப் பார்க்க
எனக்குக் கொஞ்சம் சங்கடமாக,
கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

இப்போது வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் பெட்டி.
தானே படித்துத் தானே அனுப்புகிறது.
கழற்றிய பழைய மீட்டரைக் கேட்டு வாங்கினேன்.
அலமாரியில் இருக்கிறது.
கீறல் பாதி தெரியும்படி நின்றுவிட்டது;
தட்டித் தட்டிப் பார்த்தேன், வரவில்லை.

நேற்று நடக்கப் போனேன்.
கோபுரங்களுக்கு மேற்கே, கடுகு வயலில்
மறுபடி முளைகள், மறுபடி கயிறு.
இன்னும் இரண்டு வருமாம்.
நல்லதா கெட்டதா என்று யோசிக்குமுன்
எண்ணத் தொடங்கியிருந்தேன், பழக்கதோஷம்.
முப்பத்தாறாவது முளையருகே
கட்டாத நாய் ஒன்று எழுந்து நின்றது.

அதன் பெயர் எனக்குத் தெரியாது.